சுவரும் சித்திரமும்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உடல்நலம் பேணாது உழைப்போரை இடித்துரைக்கும் பொருட்டே அது பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. உடல் சுவர், வாழ்வு சித்திரம் என்பது அதன் உவமைப் பொருள். எனினும் உவமையாக வந்த சொற்களை அவற்றின் நேர்ப்பொருளிலேயே ஆராயுமிடத்து, அப்பழமொழி ஒரு சரித்திர உண்மையையும் தன்னகத்தே கொண்டிருத்தல் புலனாகும். சித்திரம் எழுதுவோனுக்கு வண்ணமும் தூரிகையும் கைத்திறனும் மட்டும் போதா. எழுதுதற்கு ஒரு சுவர் வேண்டும். அச்சுவர் யாருக்கு உரியது என்னும் வினா எழுந்த அளவிலே, ஓவியக் கலையின் வரலாறு ஆள்வோர் வரலாற்றோடும் குடிமக்கள் வரலாற்றோடும் பிணைந்துவிடுகின்றது.

வீதியிலே நின்று ஓவியம் காணும் வழக்கம் மேனாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமை எனப் பலர் கருதுகின்றனர். அக்கருத்து பொருந்தாது. மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையிலே புகார் நகரத்து வீதியொன்று காட்டப்படுகின்றது. செங்கல்லால் உயர்ந்தெழுந்த மாடங்கள் தோறும் வெண்சுதைச் சுவர்களில் வானவர் முதலாக எல்லா உயிர்களின் வடிவங்களையும் கைவல்லோர் தீட்டி வைத்திருந்தனர் என்றும், அவற்றைக் கண்டு மயங்கி நின்ற மக்கள் அவ்வீதியில் இருந்தனர் என்றும் சாத்தனார் கூறுகின்றார். அம்மக்கள் விழாக் காண வந்தவர், வழியே சென்றவர். சித்திரத்தைக் காண அவர்கள் எவருடைய வாயிலிலும் அனுமதி பெறவில்லை. பரிபாடலிலே திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபம் பேசப்படுகின்றது. அங்கு வந்தோர் சுவரிலுள்ள உருவங்களைச் சுட்டி, இவர் யாவர் என ஒருவரை ஒருவர் வினவுகின்றனர். காமன், இரதி, பூனை வடிவெடுத்த இந்திரன், கல்லாகிய அகலிகை என அறிந்தோர் அறியாதோர்க்கு விளக்கம் கூறுகின்றனர். எழுதப்படிக்க அறியாதவனுக்கும் அம்மண்டபம் ஒரு பாடசாலையாக அமைந்தது. சித்திர மாடத்துத் துஞ்சிய நன்மாறன் எனப் பாண்டிய மன்னன் ஒருவன் தான் உயிர்நீத்த ஓவிய மண்டபத்தாலேயே பெயர் பெற்றமையும் இங்கு நினைக்கத்தக்கது.

இவ்வோவியங்களுள் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. வீதிச் சுவரை வெயிலும் மழையும் தின்றன. எஞ்சியவை யாவும் கல்லினுள்ளும் இருளினுள்ளும் ஒளிந்திருந்தவை. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தாமரைக் குளம், காஞ்சிக் கயிலாயநாதர் கோயிலின் சிதைந்த வண்ணங்கள், தஞ்சைப் பெருங்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருட்சுற்று என்பன அத்தகையன. சித்தன்னவாசலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயர் கி.பி. 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்றினால் அறியப்படுகின்றது. அங்கு தூரிகை பிடித்தவர்களின் பெயர் அறியப்படவில்லை.

தஞ்சையின் கதை சற்று விரித்துக் கூறத்தக்கது. 1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் அவ்விருட்சுற்றினுட் புகுந்து பார்த்தபோது, நாயக்கர் காலத்து ஓவியங்கள் உதிர்ந்த இடங்களில் அவற்றின் கீழே வேறொரு வண்ணத் தளம் இருத்தலைக் கண்டார். அது சோழர் காலத்துச் சித்திரம். பின்வந்தோர் முன்னையோர் எழுதியதன் மீதே சுதை பூசித் தாம் விரும்பியதை எழுதியிருந்தனர். இது பகைமையாற் செய்யப்பட்டதன்று. அக்காலத்தவர்க்குச் சுவர் என்பது மீண்டும் மீண்டும் எழுதத்தக்க பலகை. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையினர் மேற்றளத்தைச் சிதையாமற் பிரித்தெடுத்து வேறு பலகையிற் பதித்து, இரு காலத்துச் சித்திரங்களையும் காப்பாற்றினர். ஒரு சுவரிலே இரண்டு சரித்திரங்கள் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

இலங்கையிலும் இக்கலை தொன்மையானது. கி.பி. 5ஆம் நூற்றாண்டிற் காசியப்பன் காலத்தில் எழுந்த சிகிரியாச் சித்திரங்களைக் கண்டு சென்றோர், அடுத்த சில நூற்றாண்டுகளில் அங்குள்ள கண்ணாடிச் சுவரிலே தம் வியப்பையும் காதலையும் கேலியையும் செய்யுளாகக் கீறி வைத்தனர். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார். சுவரிற் கிறுக்குதல் தீயொழுக்கம் என மாணவரைக் கண்டிக்கும் ஆசிரியர்கள் அந்நூலைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று. 1967இல் அதே சித்திரங்களின் மீது சிலர் பச்சை வண்ணத்தைக் கொட்டிச் சிதைத்தனர். சுவர் எழுதுவோருக்கு இருமுகம் உண்டு என்பதற்கு அதுவும் சான்றாகும். மலைநாட்டைப் பொறுத்தவரையில், 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்திலே விகாரை ஓவியங்கள் புத்துயிர் பெற்றன. தம்புள்ளைக் குகைகள் புதுப்பிக்கப்பட்டன; கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொறுவையின் சுவர்கள் சாதகக் கதைகளால் நிறைந்தன. அம்மன்னன் தென்னிந்திய நாயக்கர் குடியினன். கடல் கடந்து வந்த குடியொன்று மலைநாட்டின் சுவர்களை அலங்கரித்தது. அரசுக் கட்டிலில் அமர்ந்து வந்தமையால் அதற்குச் சுவர்கள் கிடைத்தன.

அதன் பின்னர் அதே கடலைக் கடந்து வேறொரு மக்கட்கூட்டம் வந்தது. 1820களிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கிய அவ்வருகை, 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் யேம்சு டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்பு பெருகிற்று. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த அம்மக்கள் மலைகளைத் திருத்திப் பசும்பரப்பாக்கினர். ஆனால் அவர்கள் வாழ்ந்த லயங்கள் தோட்டத்துக்கு உரியவை. ஏறத்தாழப் பத்துக்குப் பன்னிரண்டு அடியுள்ள காம்பிரா ஒன்றிலே ஒரு குடும்பம். இருபுறச் சுவர்களும் அயல் வீட்டாருடன் பங்கு. முதுகோடு முதுகாக அமைந்த இரட்டை லயமாயின் பின்சுவரும் பங்கு. வெளியுலகை நோக்கி எஞ்சுவது வாயிற்புறத்துச் சுவர் ஒன்றே. உள்ளே அடுப்புப் புகை கரியாகப் படியும். வெளியே தோட்டத்துச் சுண்ணாம்பு பூசப்படும். நாட்காட்டியில் வந்த முருகன் படத்தையும் சட்டமிட்ட குடும்பப் படத்தையும் ஆணியில் மாட்டி வைத்ததன்றி, அச்சுவரில் அவர்கள் தமக்கென எதனையும் எழுதினார் எனக் கூறுதற்கில்லை. சித்திரத் திறன் இன்மையால் நேர்ந்த குறை அன்று இது. வாசலிற் கோலமிடும் பெண்டிரின் கைவிரலையும், மாசி மாதத்துக் காமன் கூத்தில் முகத்துக்கு வண்ணம் தீட்டும் கலைஞரின் கையையும் கண்டவர் அவ்வாறு கூறார். நிலம் உள்ளங்கை அகலமேனும் கிடைத்தபோது நிலத்தில் எழுதினர். முகம் தம்முடையதாகையால் முகத்தில் எழுதினர்.

இதே மக்களின் உருவம் வேறிடத்துச் சுவர்களிற் பெரிதாக எழுதப்பட்டமை சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று. 1926 முதல் 1933 வரை பிரித்தானியாவில் இயங்கிய பேரரசு விற்பனைச் சபை, அந்நாட்டு நகரங்களின் வீதியோரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களிற் பலகைகளை நாட்டி, சிறந்த ஓவியர்களைக் கொண்டு பேரரசின் விளைபொருள்களைச் சித்திரித்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களும் அச்சித்திரங்களில் இடம்பெற்றனர். கொழுந்து பறித்தவளின் வடிவம் குளிர்நாட்டு வீதிகளை அலங்கரித்த அக்காலத்தில், அவளுக்கென்று சொந்தமாய் ஒரு சுவர் இருந்ததில்லை. அவ்வோவியங்கள் அழகியவை என்பதில் ஐயமில்லை; அவ்வழகு தேயிலையை விற்பதற்கே பயன்பட்டது.

தோட்ட மக்கள் தமக்கெனப் பெற்ற முதற் சுவர் கோயிற் சுவரே எனல் வேண்டும். அட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பெருவீதி தலவாக்கலையைக் கடந்து லிந்துலை வழியே ஏறுகின்றது. அவ்வட்டாரத்துத் தோட்டங்களுக்குட் செல்வோர், தேயிலைச் சரிவுகளின் நடுவே காவியும் வெண்மையும் மாறி மாறிப் பட்டையிட்ட மதில்களைக் காண்பர். மாரியம்மன் கோயில், முருகன் கோயில் எனச் சிறியனவாயினும், சம்பளத்திலிருந்து கொடுத்த சந்தாப் பணத்தால் எழுந்தவை அவை. அங்கே துவாரபாலகரையும் மயிலையும் சிங்கத்தையும் தீட்டிய கைகள் எவருடையவை என்பது எங்கும் பொறிக்கப்படுவதில்லை. குடமுழுக்கு வருந்தோறும் பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புதிய வண்ணம் பூசுவர். முன்னைச் சித்திரம் ஒரு நிழற்படமும் இன்றி மறையும். தஞ்சையில் நாயக்கர் செய்ததுதான் இங்கும் நிகழ்கின்றது. கீழ்த்தளத்தைத் தேடிப் பார்க்க ஒரு கோவிந்தசாமி இங்கு வரவில்லை என்பதே வேற்றுமை. வரலாறு கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்திற் பெருகியுள்ள இந்நாளில், குடமுழுக்குக்கு முன்னர் ஒரு மாணவன் கைத்தொலைபேசியுடன் சென்று அச்சுவர்களைப் படமெடுத்து வைப்பது பெருஞ்செலவான காரியம் அன்று.

அரசியற் சுவருக்கும் மலையகத்துக்கும் இருந்த உறவு இதனோடு ஒத்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு 7 இடங்களை வென்றது. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களுட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவனை நோக்கிச் சுவரில் எழுதுவார் யார்? அயற் பட்டினங்களின் மதில்கள் தேர்தல்தோறும் பேசின. அவை லயத்து மனிதனிடம் பேச வேண்டிய தேவை நெடுங்காலம் எவருக்கும் இருக்கவில்லை.

2019 நவம்பரில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலை அடுத்து, நாட்டின் பல நகரங்களில் இளைஞர் கூட்டங்கள் தம் கைப்பணத்தில் வண்ணம் வாங்கி வீதிச் சுவர்களை அலங்கரித்தமை பலருக்கு நினைவிருக்கும். கிழிந்த சுவரொட்டிகளும் வெற்றிலை எச்சிலும் படிந்திருந்த மதில்கள் ஒரு சில வாரங்களில் ஒளி பெற்றன. அவ்வூக்கத்தைப் பாராட்டாதிருத்தல் நேர்மையன்று. எனினும் பழைய மன்னரும் போர்வீரரும் ஒருபாற் பெருமிதமுமே அவற்றுட் பலவற்றில் மிகுந்திருந்தன என்றும், நாட்டின் ஏனைய மக்கள் அவற்றில் தம் முகத்தைக் காணவில்லை என்றும் அக்காலத்திலேயே குறை கூறப்பட்டது. அக்குறையில் நியாயம் உண்டு. பொதுச் சுவரில் ஒருவன் எழுதப்படாமல் விடப்படுதலும் ஒருவகை எழுத்தே.

இவ்விடத்தில் இரண்டு எடுத்துக்காட்டுகள் சிந்தனைக்கு உதவும். 1967இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துத் தென்பகுதியிலே கறுப்பின ஓவியர் சிலர் கூடி, பாழடைந்துகொண்டிருந்த கட்டடமொன்றின் புறச்சுவரில் தம் மக்கள் மதித்த தலைவர், இசைவாணர், எழுத்தாளர், விளையாட்டு வீரர் ஆகியோரின் உருவங்களைத் தீட்டினர். மதிப்புச் சுவர் என்று அதற்குப் பெயரிட்டனர். 1971இல் அக்கட்டடம் தீப்பற்றி, பின்னர் இடிக்கப்பட்டது. நான்காண்டுகளே நின்ற அச்சுவரைப் பின்பற்றி அந்நாட்டின் பிற நகரங்களிலும் எளிய மக்களின் தெருக்களில் ஓவியங்கள் எழுந்தன.

மற்றையது சென்னையின் தெற்கே துரைப்பாக்கத்திலுள்ள கண்ணகி நகர். ஆற்றங்கரைகளிலும் வீதியோரங்களிலும் குடிசையிட்டு வாழ்ந்தோரை அகற்றி 2000ஆம் ஆண்டையொட்டி அரசு குடியேற்றிய அப்பகுதியில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. அவ்விலாசத்தைக் கூறினால் வேலை கிடையாது என்று அங்குள்ளோர் அதனை மறைத்துவந்தனர். 2020இல் ஓவிய நிறுவனமொன்றும் வண்ண உற்பத்தி நிறுவனமொன்றும் மாநகராட்சியுடன் சேர்ந்து அக்குடியிருப்பின் நெடுஞ்சுவர்களில் ஓவியந் தீட்ட ஏற்பாடு செய்தன. அவற்றுட் சிலவற்றில் அங்கேயே வாழும் சிறுமியரின் முகங்கள் மாடி உயரத்துக்குச் சிரிக்கின்றன. வண்ணம் பூசியதால் தண்ணீர் வராது, தொழில் பெருகாது என்று சொன்னோரும் உண்டு, அது மெய்யே. ஆயினும் வேறெங்கோ ஒரு சந்தையில் பொருள் விற்பதற்காக எழுதப்பட்ட முகத்துக்கும், தன் வாயிலில் தானே காணும்படி எழுதப்பட்ட முகத்துக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. மணிமேகலை கூறும் ஓவிய வீதி புகாரிலே இருந்தது. புகாரிற் பிறந்து, பிழைப்புத் தேடிக் கணவனோடு வேற்றூர் சென்றவளின் பெயரே இக்குடியிருப்புக்கு இடப்பட்டுள்ளது. பெயரிட்டோர் இத்தொடர்பை எண்ணியிருக்கமாட்டார்.

மலையகத்திலும் இன்று சுவர் பற்றிய கணக்கு சிறிது மாறிவருகின்றது. இந்திய அரசின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் எனத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் நிலமும் தனி வீடும் உரியன. இன்னும் பெருந்தொகையான குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. காணி உறுதி பற்றிய வழக்கும் முறையீடும் ஓய்ந்தபாடில்லை. ஆயினும் அவ்வீடுகளுள் ஒன்றுக்குக் குடிபுகுந்தவர்க்கு, எவருடனும் பங்கில்லாத புறச்சுவர்கள் நான்கு முதன்முறையாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் வழியை நோக்கிய சுவரில் எதனை எழுதுவது, எந்த வண்ணத்தில் எழுதுவது என்பதை இனி அவ்வீட்டாரே தீர்மானிக்கலாம்.