முப்பத்தாறு சதுர மைல்: அயோவா டவுன்ஷிப்பின் நில வடிவும் குடிக் குறைவும்

டவுன்ஷிப் என்றதும் நமக்கு நெய்வேலி நினைவுக்கு வரும்: ஆலையை ஒட்டி வகுத்த குடியிருப்பு. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே டவுன்ஷிப் என்பது ஊரே அல்ல. பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட ஒரு நிலச் சதுரம். அதற்குள் ஒரு சிற்றூர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தச் சதுரங்களில் நூறாண்டுக்கும் மேலாகக் குடிகள் குறைந்து வருவதற்கு இயந்திரத்தையும் தானிய விலையையும் காரணம் காட்டுவது வழக்கம். அவை காரணங்கள்தாம். ஆனால் குறைவு இவ்வளவு ஆழமாகப் போனதற்கு, நிலத்தை முதலில் பங்கு பிரித்த முறையே அடிப்படை என்று கருதுகிறேன். தென்மேற்கு அயோவாவின் ஆடம்ஸ் கவுன்டியைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

1785-ஆம் ஆண்டின் நில ஆணை, மேற்கே விற்பனைக்கு வரவிருந்த நிலத்தையெல்லாம் ஆறு மைல் சதுரங்களாக அளக்கச் சொன்னது. அளவுகோல் கன்டர் சங்கிலி: நீளம் 66 அடி, கண்ணிகள் 100. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஒரு டவுன்ஷிப்புக்கு 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். பின்னர் நிலைபெற்ற முறைப்படி, வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் உழும் மாடு போல மடங்கி மடங்கித் தென்கிழக்கில் 36-இல் எண்கள் முடியும். பதினாறாவது செக்‌ஷன் பள்ளிக்கு. பூமி உருண்டை; அதன்மேல் சதுரம் சரியாகப் பொருந்தாது. தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்குவதால், அயோவாவின் அட்சரேகையில் ஒரு டவுன்ஷிப்பின் வட எல்லை தென் எல்லையைவிட நாற்பது அடிக்கு மேல் குறுகிவிடும். இந்தக் குறையை மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் தள்ளிவிட்டார்கள். இந்த நெருக்கத்தைச் சரிசெய்ய இடையிடையே அளவையைப் புதிதாகத் தொடங்கிய திருத்தக் கோடுகளைக் கடக்கும் இடங்களில், நேராகப் போய்க்கொண்டிருக்கும் சாலை காரணமே தெரியாமல் சட்டென்று ஒதுங்கி, மீண்டும் நேராவது இதனால்தான்.

அளந்தவர்களின் காகிதத்தில் இந்த நிலம் வெறுமையாக இருந்தது. காகிதத்தில் மட்டும். பொட்டவாட்டமி மக்கள் தென்மேற்கு அயோவாவை 1846-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க வைக்கப்பட்ட பிறகே இங்கு நிலம் விற்பனைக்கு வந்தது. டவுன்ஷிப்பின் மக்கள்தொகை வரலாற்றை முதல் குடியேறியிலிருந்து தொடங்குவது, அதன் முதல் வெளியேற்றத்தை மறைப்பதாகும்.

ஆடம்ஸ் கவுன்டி பன்னிரண்டு டவுன்ஷிப்புகள் சேர்ந்தது: லிங்கன், வாஷிங்டன், கிராண்ட், டக்ளஸ், யூனியன் என்று நாட்டு அரசியலிலிருந்து எடுத்த பெயர்களே அதிகம். ஆற்றையோ மரத்தையோ பார்த்து வைத்த பெயர்கள் அரிது. நிலமோ சமதளமல்ல. பனியாறு விட்டுச்சென்ற களிமண் மீது காற்று கொண்டுவந்து படியவைத்த லோயஸ் மண். அதை நோடவே ஆற்றின் கிளைகள் அரித்து மேடும் பள்ளமுமாக்கியிருக்கின்றன. சரளைச் சாலை எந்த மேட்டையும் சுற்றிப் போவதில்லை. செக்‌ஷன் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேரே ஏறுகிறது, நேரே இறங்குகிறது. மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை. தண்ணீர் ஒரு வழியில் ஓட, மனிதர் போட்ட கோடு வேறு வழியில் ஓடுவதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

இனி எண்கள். ஒரு டவுன்ஷிப் 23,040 ஏக்கர். 160 ஏக்கர் கொண்ட கால் செக்‌ஷன்கள் 144. 1900-இல் அயோவாவின் சராசரிப் பண்ணை ஏறத்தாழ 150 ஏக்கர், அதாவது கால் செக்‌ஷனுக்குச் சற்றே குறைவு. ஒரு குடும்பத்துக்கென எண்ணிய நில அளவும் பண்ணை அளவும் அப்போது ஒன்றாகவே இருந்தன. அந்த ஆண்டு ஆடம்ஸ் கவுன்டியில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2020 கணக்கெடுப்பில் 3,704 பேர். அயோவாவின் 99 கவுன்டிகளில் ஆகக் குறைந்த தொகை. அவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தலைநகரான கார்னிங்கில். கார்பன் போன்ற இடங்களில் இருந்த சிறு நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதும் இந்தச் சரிவில் ஒரு பங்கு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மாநிலம் முழுவதற்கும் அந்த விளக்கம் போதாது. 2022 வேளாண் கணக்கெடுப்பில் அயோவாவின் சராசரிப் பண்ணை 345 ஏக்கர். அந்தக் கணக்கில் ஒரு டவுன்ஷிப் தாங்கக்கூடியவை 67 பண்ணைகள் மட்டுமே.

பண்ணைகள் இணைவது உலகெங்கும் நடப்பதுதானே என்று கேட்கலாம். நடப்பதுதான். ஆனால் வீடுகள் ஓரிடத்தில் கூடி, வயல் சுற்றிலும் இருக்கும் ஊரில், நிலத்தை விற்றவனுக்கும் வீடு மிஞ்சும்; தெருவும் கோயிலும் அக்கம்பக்கமும் மிஞ்சும். அயோவாவில் 1841-ஆம் ஆண்டின் முன்னுரிமைச் சட்டப்படி நிலம் கேட்டவர், தான் கேட்ட நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டியிருந்தது. ஆகவே வீடு பண்ணையின் உறுப்பாயிற்று. பக்கத்துப் பண்ணைக்காரர் நிலத்தை வாங்கும்போது வீடும் கிணறும் வைக்கோல் கொட்டகையும் சேர்ந்தே போகின்றன. அவருக்கு அவை உழவுக்குத் தடை. சோள வயலின் நடுவே, வடமேற்குக் குளிர்காற்றைத் தடுக்க நட்ட மரங்கள் ஒரு வளைவாக நிற்கும்; அருகில் வசந்தத்தில் லைலாக் புதர் பூக்கும். வீடு இருந்த இடம் அது. செக்‌ஷனின் நேர்கோடுகளும் இணைப்புக்கு உதவுகின்றன: கோணலில்லாத இரண்டு நாற்பது ஏக்கர் துண்டுகளைச் சேர்க்க வேலியைப் பிடுங்கினால் போதும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. எத்தியேன் கபேயின் கொள்கையைப் பின்பற்றிய பிரெஞ்சுக் குடியேறிகள், இக்காரியர்கள், 1850-களில் கார்னிங்குக்கு அருகே வந்து குடியமர்ந்தார்கள். இதே சதுரங்களின் மேல்தான் வீடுகளைக் கூட்டமாகக் கட்டி, பொது உணவுக்கூடத்தில் உண்டு வாழ்ந்தார்கள். தம்முள் பிளவுபட்டு, 1898-இல் கலைந்தார்கள். அவர்களை அழித்தது இந்தச் சதுரக் கட்டமல்ல என்பது உண்மை. ஆனால் கூடி வாழ இப்படியொரு கொள்கைப் பற்று தேவைப்பட்டது. தனித்து வாழ எதுவுமே தேவைப்படவில்லை, சட்டமே அதைச் செய்தது.

இருப்பவர்களுக்கான நிறுவனங்களும் இதே கணக்கில் உருவாகி, இதே கணக்கில் கரைந்தன. இரண்டு மைலுக்கு ஒன்று என ஒற்றையறைப் பள்ளிகள், டவுன்ஷிப்புக்கு ஒன்பது வரை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பள்ளிகளை இணைத்தபோது அவை மூடப்பட்டன. டவுன்ஷிப்பிடமிருந்த சாலைப் பொறுப்பு 1929-இல் கவுன்டியிடம் போயிற்று. டவுன்ஷிப்பின் மூன்று அறங்காவலர்களும் எழுத்தரும் இன்றும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். தீயணைப்புக்கு வழிசெய்வதும், இரண்டு அண்டை நிலத்தாரின் வேலித் தகராறை நேரில் போய்ப் பார்த்துத் தீர்ப்பதும், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட வரி விதிப்பதும் அவர்கள் வேலை. வேலிக்கு இரு புறமும் ஒரே உரிமையாளர் ஆகிவிட்ட இடங்களில் இரண்டாவது வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. புல் மட்டும் ஆண்டுதோறும் வளர்கிறது.