கருவள நாள் அறியும் முறைகள்: யாழ்ப்பாணத்து மருத்துவக் கல்வியில்

மாதவிடாய் வட்டத்தில் கருத்தரிக்கக்கூடிய நாட்களை நாட்கணக்காலோ உடற்குறிகளாலோ அறிவதே இம்முறைகளின் சாரம். பிள்ளை வேண்டுவோருக்கும் பிறப்பைத் தள்ளிப்போடுவோருக்கும் கணக்கு ஒன்றுதான். வெளிப்பட்ட முட்டை ஒரு நாளுக்கு மேல் நிலைப்பதில்லை. விந்தணுவோ ஐந்து நாள்வரை உயிர்தாங்கும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கருவுறும் காலம். அலன் வில்கொக்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஆறு நாட்களை உறுதிப்படுத்தியது.

யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவக் கல்வி சாமுவேல் பிஸ்க் கிறீனோடு தொடங்குகிறது. 1847இல் வந்து மானிப்பாயில் மாணவரைப் பயிற்றிய அவர், மான்செலின் மகப்பேற்று நூலைப் ‘பிரசவ வைத்தியம்’ என்று 1857இல் தமிழில் தந்தார். இரண்டாம் வருகையில் (1862–1873) வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். ஆனால் அக்கால ஐரோப்பிய உடலியல் ஒரு பெரும் பிழையைச் சுமந்திருந்தது. நாய் முதலியவற்றின் உதிரப்போக்கை மாதவிடாயோடு ஒப்பிட்டு, முட்டை மாதவிடாயை ஒட்டியே வெளிப்படும், வட்டத்தின் நடுநாட்களில் அச்சமில்லை என்று அறிஞர் பலர் நம்பினர். நம்பி நடந்த தம்பதியர் நிலை பரிதாபந்தான்.

இதற்கு மாறாக, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் அச்சேற்றிய தொல்காப்பியப் பொருளதிகாரம், பூப்பை அடுத்த பன்னிரண்டு நாளும் தலைவன் தலைவியைப் பிரிந்திருக்கலாகாது என்று கற்பியலில் விதிக்கிறது. அது கருத்தோன்றும் காலம் என்பது உரையாசிரியர் இளம்பூரணர் தரும் காரணம். பழந்தமிழர் விஞ்ஞானம் என்று இதை ஊதிப் பெருக்க வேண்டியதில்லை; பன்னிரண்டு நாள் என்பது அகன்ற வரம்பு. ஆயினும் வளமான நாட்களை அது பெரும்பாலும் உள்ளடக்கிவிடுகிறது.

ஐரோப்பியரின் பிழை 1920களில் திருந்தியது. அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே முட்டை வெளிப்படுகிறது என்று ஜப்பானின் ஒகினோவும் ஆஸ்திரியாவின் க்னாவுசும் தனித்தனியே காட்டினர். நாட்காட்டி முறை இதிலிருந்து வந்தது. மிகக் குறுகிய வட்டத்திலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழிக்க வேண்டும். வட்டம் 26 முதல் 31 நாள்வரை மாறும் பெண்ணுக்கு 8ஆம் நாள் முதல் 20ஆம் நாள் வரை வளமான காலம். பின்னர் காலை உடல்வெப்பத்தைக் குறிக்கும் முறையும், கருப்பைக் கழுத்துச் சளியைக் கவனிக்கும் பில்லிங்ஸ் முறையும், இரண்டும் சேர்ந்த முறையும் வந்தன. சளி முறையை உலக சுகாதார நிறுவனம் 1970களில் ஐந்து இடங்களில் சோதித்தபோது பெங்களூரும் அவற்றில் ஒன்று.

1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில். நோயாளியின் பேச்சோ தமிழில். இந்த இடைவெளியில்தான் கணக்குத் தவறக்கூடும். உதிரம் கண்ட நாளே முதல் நாள். ஆனால் துடக்குக் கழித்துத் தலைமுழுகிய நாளிலிருந்து எண்ணத் தொடங்கும் பெண்ணும் இருக்கலாம். அவர் நான்காம் நாள் முழுகியிருந்தால், அவருடைய 8ஆம் நாள் உண்மையில் 11ஆம் நாள். விலகியிருக்க வேண்டிய 8, 9, 10ஆம் நாட்கள் கணக்கிலேயே வராமல் போய்விடும். “கடைசித் திகதி என்ன?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதாது, எந்த நாளை அவர் முதல் நாளாகக் கொள்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். சூத்திரத்தை மனனஞ்செய்வதைவிட மாணவருக்கு இது அவசியம்.

இலங்கையில் இது ஓரத்துப் பாடமன்று. 1987ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மணமான பெண்களுள் சுமார் 62 விழுக்காட்டினர் ஏதேனுமொரு குடும்பக் கட்டுப்பாட்டு முறையைக் கையாண்டனர். அவர்களுள் மூவரில் ஒருவர் நம்பியது பாரம்பரிய முறையை, பெரும்பாலும் ‘பாதுகாப்பான நாட்களை’. போரினால் வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேரவில்லை. அதன்பின் நாடு முழுவதையும் தழுவிய ஆய்வு 2016இல்தான் வந்தது.

இத்தகைய ஆய்வுகள் நாட்கணக்கையும் புறத்தே விந்து விடுவதையும் ‘பாரம்பரியம்’ என்ற ஒரே தலைப்பில் போடுவது மாணவரைக் குழப்பும். வட்டம் 26–32 நாளாக உள்ளவர்கள் 8 முதல் 19 வரையான நாட்களைத் தவிர்க்கும் நிலைநாள் முறையில், பிசகாமல் கடைப்பிடித்தால் ஆண்டுக்கு நூறு பெண்களில் ஏறத்தாழ ஐவரும், வழக்கமான பயன்பாட்டில் பன்னிருவரும் கருவுறுகின்றனர். மகப்பேற்றுக்குப் பின்னும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் வட்டம் ஒழுங்கற்றிருக்கும்; அப்போது இம்முறை பொருந்தாது. கணவர் உடன்படாத வீட்டில் இத்தகைய முறைகள் எவையும் நிற்கா. பால்வினை நோய்களையும் இவை தடுக்கா.