சுற்றுலா ஊர்திகளில் எரிவாயு ரெகுலேட்டர்

சமையல் எரிவாயு உருளையின் உயர் அழுத்தத்தை அடுப்புக்கேற்ற தாழ் அழுத்தமாகக் குறைக்கும் கருவி. இந்திய வீட்டு ரெகுலேட்டரின் வெளியழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 30 கிராம். கேரவன், யாத்திரை வேன் ஆகியவற்றின் அடுப்புக்கும் இதுவே போதும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஹைபிரஷர் வகையைச் சாதாரண அடுப்பில் மாட்டவே கூடாது.

ஐ.எஸ். 9798 தரக்குறியீட்டுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, உருளையின் வால்வு அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஓடும் வண்டியின் குலுக்கல் இணைப்புகளைத் தளர்த்தும். ஆகவே உருளையை நிமிர்த்திப் பட்டையால் இறுகக் கட்டுவது கட்டாயம். சாய்ந்தால் திரவ வாயு ரெகுலேட்டருக்குள் புகும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும் என்பதால் உருளைப் பெட்டியின் அடியில் காற்றுத்துளை வேண்டும். ரப்பர் குழாயை 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். கசிவைச் சோப்பு நுரையால்தான் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் ஒருபோதும் கூடாது.

ரெயில் பெட்டிக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே உருளை கொண்டு செல்வதே சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரெயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த, லக்னோவிலிருந்து வந்த தனியார் சுற்றுலாப் பெட்டி தீப்பற்றியதில் 9 பேர் இறந்தனர். விதிமீறிக் கொண்டுவரப்பட்ட உருளையே காரணம் என்று ரெயில்வே அறிவித்தது.