வடுப்பட்ட வண்டியின் வெற்றி

பழைய பந்தய மோட்டார் வண்டிகளைக் காண்போர் பலர் அவற்றின் வேகத்தையும் மெருகையுமே வியக்கின்றனர். அவற்றின் மெய்ப்பெருமை வேறிடத்து உளதென்பதை ஒரு சரித்திர நிகழ்ச்சியால் விளக்கப் புகுகின்றோம்.

பிரெஞ்சு தேசத்து லெ மான் நகரில் 1923-ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம், 24 மணி நேரம் ஓடச்செய்து வண்டியின் உறுதியைச் சோதிப்பதாகும். 1927-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் பென்ட்லி கம்பெனியார் அதற்கு மூன்று வண்டிகளை அனுப்பினர். அன்றிரவு, 'வெள்ளை வீடு' என வழங்கும் வளைவில் ஒரு பிரெஞ்சு வண்டி நிலைதடுமாறவே, அம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விபத்தில் சிக்கின. இரண்டு அங்கேயே ஓய்ந்தன. பத்திரிகையாளர் டேவிஸ் ஓட்டிய வண்டியோ முன்னச்சு வளைந்தும் விளக்கு உடைந்தும் உயிர்தப்பிற்று. அவர் அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார். அவரும் மருத்துவர் பெஞ்சபீல்டும் மாறிமாறி ஓட்டினர். முன்னணியில் நின்ற ஏரியஸ் வண்டி இறுதி வேளையில் பழுதுற்றது. வடுப்பட்ட பென்ட்லியே வென்றது. பின்னர் லண்டன் சவாய் ஹோட்டலில் நடந்த விருந்துக்கு அவ்வண்டியும் வடுக்களோடே கொணரப்பட்டது.

இதனால் நாம் அறிவது யாது? வடுவும் சரித்திரமே. அதனை முற்றும் துடைத்துப் புதுவண்ணம் பூசுதல், ஏட்டின் எழுத்தை அழித்து ஓலைக்கு மெருகிடுதல் போலாம். நம் அன்பர் இல்லங்களில் முன்னோர் ஓட்டிய வண்டி உளதேல், பழைய இரும்புக்கு விலைபேசுமுன், அதன் வரலாற்றை அறிந்த மூத்தோரைக் கேட்டு எழுதிவைப்பாராக. மூத்தோர் மறைந்தபின் வண்டி எஞ்சினும், அதன் கதை எஞ்சாது.