பதுளைத் தொகுதியும் சுருங்காத பெட்டியும்

அண்மையில் இலங்கைத் தேர்தல் தொகுதிகளின் வரலாற்றை விளக்கும் வரைபடமொன்றைக் கணினியில் வரைந்துகொண்டிருந்தேன். எழுத எழுதப் பெட்டி தானாகவே விரிந்தது. எழுத்தை அழித்ததும் சுருங்கியது. உள்ளே இருப்பதற்கேற்ற அளவில் பெட்டி அமைவதுதானே நியாயம்! பதுளை என்று எழுதியபோது, இந்த நியாயம் பாதி வழியில் கைவிடப்பட்ட கதை நினைவுக்கு வந்தது.

சோல்பரி அரசியல் யாப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என வகுத்தது. இவ்வாறு 95 ஆசனங்கள் அமைந்தன. கணக்கில் கொள்ளப்பட்டவர்கள் வாக்காளர்கள் மட்டுமல்லர், மக்கள் அனைவருமே. ஆகவே ஊவாத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழரும் அந்தத் தொகையில் அடங்கினர். பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் சிறுபான்மையினருக்கும் குரல் கிடைக்கட்டும் என்று சில தொகுதிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் வழங்கப்பட்டனர். பதுளை அத்தகைய இரட்டை அங்கத்தவர் தொகுதி. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா அங்கிருந்து பாராளுமன்றம் சென்றார். அக்கட்சி வென்ற ஏழு ஆசனங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகள் அல்லாதோருக்கு வாக்குரிமை இல்லை என்றது. தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்தன. ஆனால் தொகுதிகளோ, அவர்களின் தலைகளை எண்ணி வகுத்த அதே அளவில் நின்றன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலும் பதுளைக்கு இரண்டு ஆசனங்களே. எஞ்சிய வாக்காளரின் ஒவ்வொரு வாக்கும் முன்னிலும் கனத்தது. பறிக்கப்பட்டவர்களின் எடை, பறிக்கப்படாதவர்களின் தட்டில் சேர்ந்தது. அந்தப் பாராளுமன்றத்துக்குத் தோட்ட மக்களின் கட்சியிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

தொண்ணூறுகளில் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். நாற்பத்தேழில் வாக்களித்ததாகவும், அடுத்த வாக்கைப் பேரப்பிள்ளைகளோடு வரிசையில் நின்று போட்டதாகவும் சொன்னார். “ஆளை எண்ணும்போது நாங்க இருந்தோம் தம்பி, ஓட்டை எண்ணும்போது இல்லை” என்றார். அரசியல் யாப்பு நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

1977இல் எஸ். தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாவில் வெல்லும்வரை, முப்பது ஆண்டுகள் தேர்தல் வழியே மலையகத் தமிழரின் கட்சி பாராளுமன்றம் செல்லவில்லை. நாடற்றோருக்கான பிரஜாவுரிமைச் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன.

1978ஆம் ஆண்டு யாப்பு அளவுகோலையும் மாற்றிவிட்டது. மாவட்டத்தின் ஆசனங்களில் பெரும்பகுதி இப்போது பதிவுசெய்த வாக்காளர் தொகைக்கேற்பவே பங்கிடப்படுகிறது. பெட்டி இன்று விரியவும் செய்யும், சுருங்கவும் செய்யும். ஆகவே கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பதுளைப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பாருங்கள். உங்கள் பாட்டனார் பெயரை மற்றவர்கள் அழித்தார்கள்; உங்கள் பெயர் கவனக்குறைவால் விடுபட்டுப் போகக்கூடாது.