இலக்கு நிறையை அடைந்த பிறகும் கலோரி எண்ண வேண்டுமா? ஒரு கணக்கின் வரலாறு



நம்ம ஊரில் அண்மைக்காலமாகப் பலர் நிறை குறைத்திருக்கிறார்கள். கிளினிக்கில் சீனி வருத்தம் என்று சொன்ன பிறகு குறைத்தவர்கள், முழங்கால் நோவு தாங்காமல் குறைத்தவர்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு குறைத்த சகோதரிகள் என்று பலர். போனில் ஓர் 'அப்'பை இறக்கி, காலை இடியப்பத்திலிருந்து இரவு ரொட்டி வரை அதில் பதிந்து, 8 கிலோ, 10 கிலோ என்று இறக்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பாராட்ட வேண்டிய முயற்சி.

ஆனால் இலக்கை அடைந்த அடுத்த நாள் ஒரு கேள்வி வருகிறது. இனியும் எண்ண வேண்டுமா? வாழ்நாள் முழுக்கவா? வீட்டில் ஒருவர், "போதும், இனி நிம்மதியாகச் சாப்பிடுங்கள்" என்கிறார். இன்னொருவர், "விட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்கிறார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எந்தக் கருவியையும் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால், எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்பதும் விளங்கும். ஆகவே இந்தக் கலோரிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

*கலோரிக்கு முன்பே அளந்தவர்கள்*

உணவை அளந்து உண்பது கலோரியை விடப் பழையது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரில் லுயிகி கொர்னாரோ என்ற செல்வந்தர் இருந்தார். விருந்தும் கேளிக்கையுமாக வாழ்ந்து, நாற்பது வயதை நெருங்கும்போதே நோயாளியானார். வைத்தியர்கள் அளவோடு உண்ணச் சொன்னார்கள். அவர் நாளொன்றுக்கு 12 அவுன்ஸ் உணவு, 14 அவுன்ஸ் திராட்சை மது என்று அளவு வைத்துக்கொண்டார். நோய் விலகிய பிறகும் அந்த அளவை விடவில்லை. முதுமையில் உறவினர்களும் நண்பர்களும் வற்புறுத்தவே இரண்டையும் 2 அவுன்ஸ் கூட்டினார். சில நாட்களில் படுக்கையில் விழுந்தார். பழைய அளவுக்குத் திரும்பிய பிறகே தேறினார். இதை அவரே 1558இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

அதே பதுவாவில் பிற்காலத்தில் பேராசிரியராக இருந்த சந்தோரியோ என்ற வைத்தியர், ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்தே சாப்பிட்டார். உண்டதையும் குடித்ததையும் கழிவையும் ஏறத்தாழ 30 வருடங்கள் நிறுத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாமல் தோலாலும் மூச்சாலும் உடல் நிறையை இழக்கிறது என்பதைக் கண்டு 1614இல் நூலாக வெளியிட்டார்.

இந்த இருவரையும் பாருங்கள். ஒருவர் உண்ணும் அளவைக் கவனித்தார். மற்றவர் தன் நிறையைக் கவனித்தார். கலோரி என்ற சொல் அப்போது பிறக்கவில்லை. கவனம் இருந்தது.

*எஞ்சினுக்குப் பிறந்த சொல்*

1780களில் பிரான்ஸில் லவோசியேயும் லப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். நாம் வகுப்பில் கலோரிமானி என்று படிப்பிப்பது இந்தப் பாத்திரத்தின் வழிவந்ததுதான். மூச்சு விடுவது மெதுவாக எரிவதற்குச் சமன் என்று அவர்கள் காட்டினார்கள்.

'கலோரி' என்ற அலகு அதற்குப் பிறகு வந்தது. 1819க்கும் 1824க்கும் இடையில் பாரிஸில் நிக்கொலா கிளெமென் என்பவர் நடத்திய விரிவுரைகளில் அது இடம்பெற்றது. அந்த விரிவுரைகள் சாப்பாட்டைப் பற்றியவை அல்ல, நீராவி எஞ்சினைப் பற்றியவை! ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம். இன்று நம் பிஸ்கட் பெட்டியில் இருக்கும் கலோரி அதுதான்.

அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க இரசாயனவியலாளர் வில்பர் அட்வாட்டர். 1890களில் ஒரு சிறிய அறைக்குள் ஆட்களை நாட்கணக்கில் தங்கவைத்து, உள்ளே போகும் உணவையும் வெளியே வரும் வெப்பத்தையும் கழிவையும் அளந்தார். மாப்பொருள் ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று நாம் இன்றும் பயன்படுத்தும் எண்கள் அவர் வகுத்தவை. அவை சராசரி எண்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வாட்டரின் கவலை நிறை குறைப்பதல்ல. ஏழைத் தொழிலாளி குறைந்த காசில் உழைப்புக்குப் போதுமான சக்தியை எப்படிப் பெறுவது என்பதே. அந்தக் கணக்கில் கீரையும் மரக்கறியும் காசுக்குப் பெறுமதி இல்லாதவையாகத் தெரிந்தன, ஏனென்றால் அவற்றில் கலோரி குறைவு. விற்றமின் என்ற சொல்லே 1912இல்தான் வந்தது. கலோரி சக்தியைச் சொல்லும், போசாக்கைச் சொல்லாது. இந்தக் குறை அன்றே இருந்தது, இன்றும் இருக்கிறது.

*வாழ்நாள் முழுக்க என்று சொன்ன வைத்தியர்*

நிறை குறைக்கக் கலோரி எண்ணுங்கள் என்று பொதுமக்களுக்குச் சொல்லிப் பெரும் புகழ் பெற்றவர் லூலு ஹன்ட் பீற்றர்ஸ். லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பெண் வைத்தியர். தாமே ஒரு காலத்தில் 220 இறாத்தல் இருந்து குறைத்தவர். 1918இல் அவர் எழுதிய புத்தகம் பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது. ஒரு துண்டு பாண் என்று சொல்லாதீர்கள், 100 கலோரி பாண் என்று சொல்லுங்கள் என்று படிப்பித்தார். முதலாம் உலகப் போர்க்காலம் அது. உணவைச் சேமிப்பது தேசக் கடமை என்ற பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது.

நம் கேள்வியை அவரிடம் அன்றே கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு காலத்துக்கு? எப்போதும் என்பதே அவர் பதில். வாழ்க்கையில் மற்ற நல்ல பழக்கங்களை எப்படி விடாமல் வைத்திருக்கிறோமோ அப்படி என்றார். கொர்னாரோவின் கட்சி!

*பஞ்சம் படிப்பித்த பாடம்*

நம் நாட்டில் அதே நூற்றாண்டில் உணவுக் கணக்கு வேறு முகத்தோடு வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகமும் கொத்துக் கணக்கில் அரிசியும் நம் மூத்தம்மாமாருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அவர்கள் எண்ணியது குறைப்பதற்காக அல்ல, எல்லோருக்கும் எட்டவேண்டும் என்பதற்காக. "பீங்கானில் சோறு மிச்சம் வைக்காதே" என்று நம்மை வளர்த்த குரல் அந்தக் காலத்தையும் சுமந்து வந்தது. பெரிய அகப்பையால் அள்ளிப் போடுவது அவர்களுக்கு அன்பின் அடையாளம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிறை குறைத்தவர் அந்தப் பீங்கானுக்கு முன்னால்தான் தினமும் உட்காருகிறார்.

போர் முடியும் தறுவாயில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போருக்குப் போக மனச்சாட்சி இடம்தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 கிழமைகள் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரியும் கடும் நடையும். உடல் நிறையில் ஏறத்தாழ கால்வாசி போயிற்று. நித்திரையிலும் விழிப்பிலும் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களை விரும்பி வாசித்தார்கள். உணவைத் திரும்பக் கொடுத்தபோது வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்காமல் பலர் தவித்தார்கள்.

அந்த 1,570 என்ற எண்ணைக் கவனியுங்கள். இன்று சில அப்கள் ஆண்களுக்குக்கூட அதை விடக் குறைவாகக் கொடுக்கின்றன. நிறை குறைந்த உடல் சும்மா இருப்பதில்லை, இழந்ததைத் திரும்பக் கேட்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொன்னது. 'தி பிக்கஸ்ட் லூசர்' தொலைக்காட்சிப் போட்டியில் நிறை குறைத்த 14 பேரை 6 வருடங்களின் பின் சோதித்தபோது, அவர்களின் உடல் ஓய்வில் எரிக்கும் சக்தி, அவர்களின் உடலளவுக்கு எதிர்பார்க்கப்பட்டதை விட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் குறைத்தது மிக வேகமாக, மிக அதிகமாக. நம்மில் பெரும்பாலோருக்கு அவ்வளவு இராது. ஆனாலும் 10 கிலோ குறைந்தவருக்குப் பழைய சாப்பாட்டளவு இனிப் பொருந்தாது. நிறை மீண்டும் ஏறினால் அது சோம்பலால் மட்டும் வந்தது என்று யாரையும் பழிக்கவும் கூடாது.

*கணக்கு எங்கே பிசகும்?*

"அப்படியானால் எண்ணிக்கொண்டே இருப்போம்" என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் உணவுப் பெட்டியின் பட்டியலில் உள்ள கலோரி 20 சதவீதம் வரை பிசகச் சட்டமே இடம் தருகிறது. 2012இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள், 28 கிராம் முழுப் பாதாமிலிருந்து உடல் பெறுவது சுமார் 129 கலோரிதான் என்று கண்டார்கள். அட்வாட்டரின் எண்களைக் கொண்டு போட்ட கணக்கு 170 என்றது. மென்ற பாதாமில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறுவதுதான் காரணம்.

பாதாமுக்கே இப்படியென்றால் நம் வீட்டு ஆணத்துக்கு? உம்மா ஊற்றிய தேங்காய்ப்பால் முதற்பாலா, இரண்டாம் பாலா? தாளிக்க ஊற்றிய எண்ணெய் எத்தனை கரண்டி? ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் மட்டும் ஏறத்தாழ 120 கலோரி. கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் நம் பங்கு எவ்வளவு என்று எந்த அப் சொல்லும்? எண்ணுகிறவருக்கு இரண்டே வழி: ஊகிப்பது, அல்லது சஹனை விட்டு எழும்புவது. ஊகம் பிழைக்கும். எழும்பிவிட்டால் சாப்பாட்டோடு உறவும் போகும்.

*நிறையைக் காத்தவர்கள் என்ன செய்தார்கள்?*

1994இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பதிவேட்டைத் திறந்தார்கள். குறைந்தது 30 இறாத்தல் (13.6 கிலோ) குறைத்து, ஒரு வருடமாவது காத்தவர்கள் அதில் சேரலாம். 10,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர்களில் 78 சதவீதத்தினர் தினமும் காலையுணவு உண்கிறார்கள். 75 சதவீதத்தினர் கிழமைக்கு ஒரு தடவையாவது நிறை பார்க்கிறார்கள். 90 சதவீதத்தினர் சராசரியாக நாளுக்கு ஒரு மணித்தியாலம் உடலை அசைக்கிறார்கள். இவர்கள் தாமாக வந்து சேர்ந்தவர்கள், ஆகவே இது எல்லோருக்கும் பொருந்தும் சட்டமல்ல. ஆனால் நல்ல தடயம்.

அதே ரீனா விங் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. நிறையில் பத்தில் ஒரு பங்காவது குறைத்த 314 பேரை மூன்று குழுவாக்கி 18 மாதங்கள் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குச் செய்திமடல் மட்டும். மற்ற இரண்டுக்கும் தராசும் வீதி விளக்கு போன்ற மூன்று நிறங்களும். தொடக்க நிறையிலிருந்து 3 இறாத்தலுக்குள் இருந்தால் பச்சை. அதைத் தாண்டினால் மஞ்சள்: எங்கே பிசகுகிறது என்று பார். 5 இறாத்தல் (2.3 கிலோ) கூடினால் சிவப்பு: நிறை குறைத்தபோது செய்ததை மீண்டும் தொடங்கு. முடிவில், செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதத்தினருக்கு 5 இறாத்தலோ அதற்கு மேலோ கூடியிருந்தது. நேரில் கூடிப் பேசி நிறம் பார்த்தவர்களில் அது 46 சதவீதம். இணையம் வழியாகச் செய்தவர்கள் இரண்டுக்கும் இடையில், 55.

2016இல் நம் நாட்டில் சீனி கலந்த குடிபானப் போத்தல்களுக்கு வந்த சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் எல்லோருக்கும் தெரியும். அதையே நம் தராசுக்கும் பொருத்திப் பாருங்கள்.

*ஆகவே*

வரலாறு நமக்குச் சொல்வதாக நாம் விளங்கிக்கொள்வது இதுதான்: எண்ணுவதை நிறுத்தலாம், கவனிப்பதை நிறுத்த முடியாது.

எண்ணிய மாதங்கள் வீண்போகவில்லை. எதில் எவ்வளவு இருக்கிறது என்று கண் பழகிவிட்டது. ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், 16 கலோரி. இரண்டு கரண்டி சீனியோடு நாளுக்கு நாலு தேத்தண்ணி குடித்தால் 128. இதைத் தெரிந்துகொள்ள இனி அப் தேவையில்லை. ஆகவே,

1. இலக்கை அடைந்ததும் எண்ணுவதை ஒரே நாளில் விடாமல், ஒரு மாதம் ஒன்றுவிட்ட ஒரு நாள், பிறகு கிழமைக்கு ஒரு நாள் என்று குறைத்துப் பாருங்கள்.

2. கிழமையில் ஒரு நாள், உதாரணமாக வெள்ளிக்கிழமை காலை, வெறும் வயிற்றில் நிறை பார்த்து எழுதிவையுங்கள்.

3. 2 கிலோவுக்கு மேல் கூடினால், இரண்டு, மூன்று கிழமைக்கு எண்ணும் கணக்கை மீண்டும் எடுங்கள். இறங்கியதும் வைத்துவிடுங்கள்.

4. நோன்பு மாதமும் பெருநாளும் கலியாணக் காலமும் நிறை ஏறும் காலங்கள். அந்த நாட்களில் சாப்பாட்டை எண்ணி மனதைக் கெடுக்காமல், அது முடிந்த கிழமை தராசில் ஏறுங்கள்.

5. தனியே செய்யாதீர்கள். சுபஹுக்குப் பின் நடக்கும் நாலு பேர் இருந்தாலே அது நேரில் கூடும் குழுதான்.

சிலருக்கு இது பொருந்தாது. இன்சுலின் அல்லது சீனி குறைக்கும் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் கிளினிக்கில் கேட்காமல் அளவை மாற்ற வேண்டாம். வளரும் பிள்ளைகளைக் கலோரி எண்ண வைக்க வேண்டாம். எண்ணாமல் ஒரு கவளமும் இறங்காது, எண் கூடினால் அழுகை வருகிறது என்ற நிலைக்கு வந்தவர் அந்த அப்பை இன்றே அழித்துவிட்டு வைத்தியரைச் சந்திக்க வேண்டும்.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை நாம் சிறுவயதிலேயே ஓதிப் படித்தோம். அதில் எண் இல்லை, அளவு இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை நிறுக்க யாராலும் முடியாது. உணர்ந்து நிறுத்தத்தான் முடியும். கலோரி எண்ணிய நாட்கள் அந்த உணர்வை நமக்குத் திரும்பப் பழக்கியிருந்தால், அந்தக் கணக்கு தன் வேலையைச் செய்துவிட்டது.

உங்கள் வீட்டில் நிறை குறைத்தவர் யாராவது இருந்தால், அடுத்த முறை அவர் பீங்கானில் இன்னொரு அகப்பை போட முன் ஒரு தடவை கேளுங்கள். அவர் "போதும்" என்றால், போதும்.