பொலாஜியின் வெண்கலமும் டோக்கியோவில் இல்லாத பிரிவும்

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், இறகுப்பந்து மகளிர் ஒற்றையர் எஸ்.எல்.3 பிரிவில் நைஜீரியாவின் மரியம் எனியோலா பொலாஜி வெண்கலம் வென்றார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் உக்ரைனின் ஒக்ஸானா கோசினாவை அவர் வீழ்த்தினார். ஒலிம்பிக்கில் 1992 முதல் இறகுப்பந்துக்குப் பதக்கங்கள் வழங்கப்படுகின்றன. அவை அனைத்தும் ஆசிய, ஐரோப்பிய நாடுகளுக்கே சென்றுள்ளன. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்தாலும் இந்த விளையாட்டில் ஆப்பிரிக்கா பெற்ற முதல் பதக்கம் பொலாஜியுடையதே. அப்போது அவர் இருபது வயதைத் தொடவில்லை.

இந்தச் சாதனை பெரும்பாலும் தனிமனித உறுதியின் கதையாகவே சொல்லப்பட்டது. அந்த உறுதியை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதே வீராங்கனை அதே திறமையுடன் மூன்றாண்டுகளுக்கு முன்பு ஆடத் தயாராக இருந்திருந்தாலும் இந்தப் பதக்கத்தைப் பெற்றிருக்க முடியாது என்பதையும் பேச வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான இறகுப்பந்தில் ஆறு பிரிவுகள் உள்ளன: சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு இரண்டு, கால்களில் பாதிப்புடன் நின்று ஆடுவோருக்கு எஸ்.எல்.3, எஸ்.எல்.4, கைகளில் பாதிப்புள்ளோருக்கு எஸ்.யூ.5, உயரம் குறைந்தோருக்கு எஸ்.ஹெச்.6. எஸ்.எல்.3 என்பது கால் பாதிப்பு அதிகமுள்ளோருக்கானது. இதன் ஒற்றையர் ஆட்டம் ஆடுகளத்தின் பாதி அகலத்திலேயே நடைபெறும். பக்கவாட்டில் ஓட வேண்டியது குறையும். ஆனால் எதிராளியை வலைக்கு அருகில் இழுத்து, உடனே பின்கோட்டுக்குத் தள்ளுவதே முதன்மை ஆயுதமாகிவிடும். உடலின் சமநிலையை நொடிக்கு நொடி மீட்டுக்கொள்ள வேண்டிய கடும் ஆட்டம் இது. பாதிக் களம் என்பதால் எளிது என்று எண்ணுவோர் ஒரு ஆட்டத்தையாவது முழுமையாகப் பார்க்கட்டும்.

பாராலிம்பிக்கில் இறகுப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது 2021இல் நடந்த டோக்கியோ 2020 போட்டியில். ஆடவர் ஒற்றையரில் ஆறு பிரிவுகளும் இருந்தன. மகளிருக்கு நான்கு மட்டுமே. விடுபட்டவை எஸ்.எல்.3, எஸ்.ஹெச்.6. 2019இல் பாசல் நகரில் எஸ்.எல்.3 உலகச் சாம்பியனான இந்தியாவின் மானசி ஜோஷிக்கே டோக்கியோவில் ஒற்றையர் ஆட்டம் கிடையாது. இரட்டையர் வழி திறந்திருந்தது உண்மை. ஆனால் அதற்கு வேறு பிரிவைச் சேர்ந்த, உலகத் தரத்தில் ஆடும் இணை ஒருவர் தேவை. வீரர் எண்ணிக்கை குறைந்த நாடுகளுக்கு அது எட்டாத நிபந்தனை.

பெண்கள் போதிய அளவில் ஆடவில்லை என்பது இத்தகைய விலக்கல்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பதக்கமே இல்லாத பிரிவுக்கு எந்த அரசு நிதி ஒதுக்கும்? நிதியில்லாத இடத்தில் எண்ணிக்கை எப்படி உயரும்? விலக்கலின் விளைவே விலக்கலுக்கான நியாயமாக மாற்றப்படுகிறது என்பதே எமது வாதம்.

பாரிஸில் இரு பிரிவுகளும் சேர்க்கப்பட்டன. ஒன்றில் பொலாஜி வென்றார். மற்றொன்றில், ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் வெண்கலம் வென்றார். இரண்டு பதக்கங்களும் பிரிவுப் பட்டியல் திருத்தப்பட்டதால் சாத்தியமானவை.

பட்டியலில் இடம் கிடைத்தாலும் தகுதிப் பாதை செலவு மிகுந்தது. உலகத் தரவரிசைக்கான புள்ளிகளைச் சர்வதேசப் போட்டிகளில்தான் திரட்ட வேண்டும். கம்பாலாவில் நடக்கும் உகாண்டா சர்வதேசப் போட்டி நீங்கலாக, அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கு வெளியே நடப்பவை. விமானக் கட்டணம், விசா, உடன்வரும் பயிற்சியாளரின் செலவு ஆகியவற்றைத் தாங்க முடிந்தவரே தரவரிசையில் நீடிக்கிறார். பாரிஸ் ஒலிம்பிக்கில் நைஜீரியா ஒரு பதக்கமும் பெறவில்லை. பாராலிம்பிக்கில் 7 பெற்றது. நாட்டின் விளையாட்டு நிதி இந்த விகிதத்தில் பகிரப்படுகிறதா என்று கேட்க நைஜீரியர்களுக்கு முழு உரிமை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, விளையாட்டில் சமமாகப் பங்கேற்கும் உரிமையை உறுதிசெய்யுமாறு அரசுகளைப் பணிக்கிறது. நைஜீரியா 2010இல் இதை ஏற்புறுதி செய்தது. ஆனால் பதக்கப் பிரிவுகளைத் தீர்மானிக்கும் சர்வதேச பாராலிம்பிக் குழு ஓர் அரசு அன்று. ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட, அந்நாட்டுச் சட்டப்படி பதிவான சங்கம். உடன்படிக்கை அதை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஒரு வீராங்கனையின் வாழ்வையே முடிவுசெய்யும் பட்டியலைத் தயாரிப்பவர்கள், உரிமைச் சட்டத்தின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள்.

உள்நாட்டில் நிலை வேறு. மாற்றுத்திறனாளிகள் மீதான பாகுபாட்டைத் தடைசெய்யும் நைஜீரியச் சட்டம் 2019 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பாகுபாடு காட்டும் தனிநபருக்கு ஒரு இலட்சம் நைரா அபராதமோ ஆறு மாதச் சிறையோ விதிக்க அது வழிசெய்கிறது. பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்கவையாக மாற்ற ஐந்தாண்டு அவகாசமும் அளித்தது. விளையாட்டரங்குகளும் அவற்றில் அடங்கும் என்றே நாம் வாசிக்கிறோம். அந்த அவகாசம் 2024 சனவரியில் முடிந்தது. பொலாஜி பாரிஸ் மேடையில் ஏறியது அதே ஆண்டு செப்டம்பரில்.